கால்டுவெல் ஐயரும் தமிழ் எண்ணுப்பெயர்களும்

தோற்றுவாய்

காஞ்சிமாநகர்க்கு வருவோர் ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தைக் காணாது மீள்வதில்லை. கற்றூண்களின் நெடிய வரிசையைக் கண்டு வியப்போர் பலர். அவற்றை எண்ணிப் பார்க்க முயன்று, இடையே எண் தவறி, நகைத்து விடுவோர் சிலர். ஆனால், அம்மண்டபத்தின் பெயரில் முதற்கண் நிற்கும் ஆயிரம் என்னும் சொல் யாண்டிருந்து வந்தது என்று வினவுவோர் மிக அரியர். காஞ்சியிற் பிறந்து, பட்டுத்தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த யானும், கலாசாலையிலே தமிழ் பயிலப் புகுந்து, ஒரு பெரியாரது வரலாற்றைப் படிக்குங்காறும் அவ்வினாவை எழுப்பினேன் அல்லேன்.

எண்ணுப்பெயர்கள் மழலைப் பருவத்திலேயே விரல் மடக்கிக் கற்கப்படுவன. உணவின் பெயரும் உடையின் பெயரும் வாணிகத்தோடு வந்து ஒரு மொழியிற் புகுந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்பன அங்ஙனம் எளிதில் மாறுவன அல்ல. ஆதலின், ஒரு மொழி எக்குடும்பத்தைச் சார்ந்தது என்று ஆராய்வோர் அதன் எண்ணுப்பெயர்களை முன்னர் நோக்குவர். எனினும், எண்களும் ஒரோவழிக் கடனாகப் பெறப்படுதல் உண்டு. எது பிறப்புரிமை, எது கடன் என்று பிரித்தறிதல் நுண்ணிய அறிவினர்க்கே இயலும். தென்னாட்டு மொழிகள் பலவற்றை ஒருங்குவைத்து இவ்வாராய்ச்சியை முறைப்பட நிகழ்த்திய பெருந்தகை, அத்தியட்சர் இராபர்ட் கால்டுவெல் ஐயர் ஆவர். அன்னாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறி, எண்ணாராய்ச்சியில் அவர் பெற்ற வெற்றியையும், அவர்க்கு நேர்ந்த தவற்றையும், அவ்விரண்டும் நமக்குப் புகட்டும் பாடத்தையும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

பிறப்பும் இளமையும்

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து நாட்டிலே கிளாடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். செல்வக் குடியினர் அல்லர். மைந்தர்க்குப் பத்து வயது நிரம்பும் அளவில் அவர்கள் கிளாஸ்கோ நகரிற் குடியேறினர். கால்டுவெல் இளமையிலேயே நூல்களைத் தேடித் தேடிப் படிக்கும் இயல்பினர். பின்னர் ஓவியக்கலை பயிலும் பொருட்டு டப்ளின் நகர்க்குச் சென்றார். தூரிகை பிடிக்கப் பழகிய அக்கை எழுதுகோல் பிடித்துத் தென்னாட்டு மொழிகளின் உருவத்தை உலகிற்கு வரைந்து காட்டும் என்று அந்நாளில் யாரே அறிவார்?

டப்ளினில் இருந்த காலத்தே அவருடைய உள்ளம் சமயப்பணியை நாடிற்று. ஓவியத்தைத் துறந்து கிளாஸ்கோவிற்கு மீண்டார். 1834-இல் இலண்டன் மிஷனெரி சங்கத்தார் அவரைத் தம் ஊழியத்திற்கு ஏற்றுக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பயில்வித்தனர். ஆண்டுக் கிரேக்க மொழி கற்பித்த ஸான்ட்போர்டு என்னும் பேராசிரியர், சொற்களை ஒன்றனோடொன்று ஒப்பிட்டு நோக்கும் முறையை மாணாக்கர்க்கு உணர்த்தினார். ஒப்பிலக்கணத்தின் வித்து கால்டுவெல்லின் நெஞ்சில் விழுந்தது அவ்வகுப்பிலேதான். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் மூட்டும் சிறு பொறி எத்துணைத் தொலைவிற் சென்று விளக்காய் எரியும் என்பதற்கு இஃதொரு சான்று.

கடற்பயணமும் சென்னை வாழ்வும்

1837-இல் பட்டம் பெற்ற கால்டுவெல் மேரி ஆன் என்னும் கப்பலில் இந்தியாவிற்குப் புறப்பட்டார். வழியில் அக்கப்பல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றனோடு மோதிற்று. பிரெஞ்சுக் கப்பல் கடலில் ஆழ்ந்தது. மேரி ஆன் சிதைவுற்றும் பிழைத்தது. அதே கப்பலில் தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு ஆற்றிய சார்லஸ் பிலிப் பிரௌன் என்னும் அறிஞரும் பயணஞ் செய்தார். கரை காணாத அந்நெடும்பயணத்தில், தென்னாட்டு மொழிகளிலும் ஆரியமொழியிலும் வல்ல ஒருவரது நட்பு இளைஞர்க்கு வாய்த்தது. 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் கால்டுவெல் சென்னைத் துறையில் இறங்கினார்.

மூன்று ஆண்டுகளுக்குமேல் அவர் சென்னையில் தங்கித் தமிழ் பயின்றார். திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்க்கத் தொடங்கிய துரு ஐயர் அந்நாளில் அவருடன் ஊழியஞ் செய்தவருள் ஒருவர். 1841-இல் கால்டுவெல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, உதகமண்டலத்திலே குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். அந்நெடுவழியை அவர் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்தார். மக்கள் பேசும் மொழியைச் செவியாரக் கேட்கவும், அவர்தம் வாழ்வைக் கண்ணாரக் காணவும் விரும்பியே அங்ஙனஞ் செய்தார். மொழியை ஏட்டில் மட்டுமன்றி நாவிலும் கற்றல் வேண்டும் என்பது அவரது கொள்கை.

இடையன்குடி

அவ்வாண்டின் இறுதியில் அவர் வந்தடைந்த இடையன்குடி, தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த எளிய ஊர். மேலைநாட்டுக் கல்வி முற்றிய ஓர் இளைஞர்க்கு அவ்வூர் பாலைவனமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் அவர் அதனை விட்டு அகல நினைந்தாரல்லர். நேரிய தெருக்களை வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நடுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1844-இல் நாகர்கோயில் மிஷனெரியாகிய மால்ட் ஐயருடைய புதல்வியார் எலைசா அம்மையாரை மணந்தார். தமிழ்நாட்டிலேயே வளர்ந்த அவ்வம்மையார் பெண்மக்கட்குக் கல்வியோடு நூற்பின்னல் வேலையும் கற்பித்து, ஏழைக் குடும்பங்கட்கு வருவாய் தேடித் தந்தார். ஊர்நடுவே 1847-இல் அடிக்கல் இடப்பட்ட திருக்கோயில் 1880-இலேதான் நிறைவெய்திற்று. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு கட்டடத்தின் முடிவை நோக்கிப் பொறுத்திருந்த மனம், ஒரு சொல்லின் வேரைத் தேடுவதிலும் பொறுமை இழவாமை வியப்பன்று.

அவர் வாழ்வில் குறையே இல்லை என்று கூறுதல் மெய்யாகாது. 1849-இல் அவர் வெளியிட்ட ஒரு நூல், தாம் யாருக்கு ஊழியஞ் செய்தனரோ அம்மக்களின் பிறப்பையும் வழக்கங்களையும் தாழ்வுபடக் கூறிற்று. பின்னாளில் அச்சமூகத்தார் கல்வியுற்று எழுந்தபோது, அந்நூலுக்குக் கடும் எதிர்ப்பு விளைந்தது; அவ்வெதிர்ப்பு நியாயமானதே. பெரியோர் வாக்காயினும் ஆராய்ந்தே கொள்ளல்வேண்டும் என்பதை அவர் வரலாறே நமக்கு இவ்விடத்திற் கற்பிக்கின்றது.

ஒப்பிலக்கணம்

கால்டுவெல்லின் புகழுக்கு நிலைக்களமாகிய நூல், 1856-இல் இலண்டனில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமாகும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குலத்தைச் சார்ந்தவை, வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்னும் உண்மையை, 1816-இலேயே சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும், ஒலி, வேர், பெயர், எண், இடப்பெயர், வினை என்று பகுத்து, ஒவ்வொன்றையும் பல மொழிகளின் சான்றுகொண்டு நிறுவிய பெருமை கால்டுவெல்லுக்கே உரியது. கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் அவர்க்கு அறிஞர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1875-இல் திருத்திப் பெருக்கிய இரண்டாம் பதிப்பு வெளிவந்தது; அதன்கண் பன்னிரண்டு மொழிகள் திராவிடக் குடும்பத்தினவாக எண்ணப்பட்டன.

அந்நூலில் எண்ணுப்பெயர்க்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. திராவிட எண்ணுப்பெயர் ஒவ்வொன்றும் இருவகை வடிவம் உடையது என்று அவர் அதன்கண் விளக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பன தனித்து நிற்கும் பெயர்கள். ஒரு, இரு, மூ, நால், ஐ என்பன பிற சொற்களைத் தழுவி நிற்கும் அடிகள். வேரைத் தேடுவோன் பெயரை நோக்காது அடியையே நோக்கல் வேண்டும். இந்நெறி எத்துணைப் பயனுடையது என்பதை எட்டு என்னும் சொல்லாற் காணலாம்.

எட்டு என்பதனை வடமொழி அஷ்ட என்பதனோடு ஒப்பிடுவார்க்கு, முன்னது பின்னதன் சிதைவே என்று தோன்றும். பிராகிருதத்தில் அட்ட என்று வழங்குதலும் அவ்வெண்ணத்தை வலியுறுத்தும். ஆனால் எண்பது, எண்ணூறு என்னும் தொடர்களை நோக்குக. ஆண்டு அடியாக நிற்பது எண் என்பதே. கன்னடத்தில் அது எண்டு என்றும், தெலுங்கில் எனிமிதி என்றும் வழங்குகின்றது. மூக்கொலியே அச்சொல்லின் உயிர். அஃது அஷ்ட என்பதன்கண் யாண்டும் இல்லை. ஆகவே எட்டு நம் வீட்டிற் பிறந்த குழந்தையே. அயல்வீட்டுக் குழந்தையோடு முகச்சாயல் ஒத்தது தற்செயல். ஒலி ஒத்தவெல்லாம் உறவல்ல என்பது இதனாற் பெறப்படும்.

நாலும் ஆயிரமும்

ஈண்டுத்தான் விந்தை ஒன்று நிகழ்ந்தது. எட்டில் ஏமாறாத கால்டுவெல் நாலில் ஏமாறினார். அந்நாளில், ஆரியக் குடும்பத்திற் சேராத வடபுல மொழிகள் பலவற்றையும் சித்தியம் என்னும் ஒரே பெயரின்கீழ் அடக்கும் கொள்கை ஐரோப்பிய அறிஞரிடையே செல்வாக்குற்றிருந்தது. திராவிட மொழிகட்கும் அக்குழுவினோடு உறவு உண்டு என்று கால்டுவெல் கருதினார். தமிழில் நால் என்பது பின்லாந்து மொழியில் நெல்யா. ஹங்கேரி நாட்டு மகியார் மொழியில் நேஜ். அவற்றோடு இனமான வேறு சில மொழிகளில் நில், நிலெ. இவ்வொப்புமையைக் கண்ட அவர், இது தற்செயலாய் அமைந்திருத்தல் இயலாது என்று துணிந்தார்.

அத்துணிபு நிலைபெறவில்லை. நான்கு ஒத்ததாயின், அதனை அடுத்துள்ளவையும் ஒரு முறைப்பட ஒத்தல் வேண்டும். மகியார் மொழியில் இரண்டு என்பது கெத்தோ. மூன்று என்பது ஹாரோம். ஐந்து என்பது ஓத். இவற்றிற்கும் நம் இரண்டு, மூன்று, ஐந்து என்பவற்றிற்கும் யாதொரு சாயலும் இல்லை. ஒலிமாற்றம் ஒரு விதிக்கு உட்பட்டுப் பல சொற்களிலும் நிகழ்ந்தாலன்றி மொழியுறவு நாட்டப்படாது என்பது இக்கால ஆராய்ச்சியின் துணிபு. சித்தியம் என்னும் அப்பெருங்குழுவே பின்னாளிற் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. திராவிடமோ தனியொரு குடும்பமாகவே இன்று கொள்ளப்படுகின்றது.

இனி, ஆயிரத்தை நோக்குவோம். நூறு என்பது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிற்கும் பொதுச்சொல். அதற்கு மேற்சென்றவுடன் ஒற்றுமை குலைகின்றது. தெலுங்கர் தம் சொல்லாகிய வேயி என்பதனை வழங்குகின்றனர். கன்னடர் ஸாவிர என்பர். பழங்கன்னடத்தில் அது ஸாஸிர. தமிழரும் மலையாளிகளும் ஆயிரம் என்பர். கன்னட வடிவம் வடமொழி ஸஹஸ்ரம் என்பதன் திரிபு என்பது வெளிப்படை. அதே சொல் பிராகிருத வாயிலாகத் தெற்கே வந்து, முதலெழுத்தாகிய ஸகரம் கெட்டு, ஆயிரம் ஆயிற்று என்பது கால்டுவெல்லும் பின்வந்த மொழிநூலார் பலரும் கொண்ட முடிபு. சபா என்பது அவை என்றும், சிராவணம் என்பது ஆவணி என்றும் ஆகியவாற்றை நினைந்தால், அம்மாற்றம் ஒரு முறைப்பட்டதே என்பது விளங்கும். ஆயிரம் தனித்தமிழ்ச் சொல்லே என்று வேறு வேர் காட்டுவாரும் உளர். எனினும், ஸாஸிர, ஸாவிர என்னும் இடைப்படிகள் முன்னைக் கொள்கைக்கே வலியூட்டுகின்றன.

மகியார் மொழியில் ஆயிரத்திற்குப் பெயர் எஸெர் என்பது. செவிக்கு அஃது ஆயிரம் என்பதனோடு சிறிதும் ஒவ்வாது. ஆனால் அச்சொல் ஈரானிய மொழியினின்று பெறப்பட்டது என்று ஹங்கேரிய மொழிநூலார் கூறுவர். மகியாரின் முன்னோர் புல்வெளி நாடுகளில் திரிந்த காலத்து, ஆண்டு வாழ்ந்த ஈரானிய இனத்தாரிடமிருந்து அதனைக் கொண்டனர். பாரசீகரின் ஹஸார் என்பதும் அதனோடு இனமானதே. ஈரானியமும் வடமொழியும் உடன்பிறப்புக்கள். ஹஸார் என்பதும் ஸஹஸ்ரம் என்பதும் ஒரு தாய்ச்சொல்லின் மக்கள். எனவே, வடக்கே ஒரு மக்கள் ஒரு சகோதரியிடம் கடன் பெற்றனர். தெற்கே நாம் மற்றொரு சகோதரியிடம் கடன் பெற்றோம். ஒலி ஒத்த நாலில் உறவு இல்லை. ஒலி ஒவ்வாத ஆயிரத்தில் தொடர்பு உண்டு. அதுவும் குருதித் தொடர்பன்று, கடன் தொடர்பு.

கடனும் உடைமையும்

ஆயிரம் நம் சொல்லன்று என்று முதன்முதல் அறிந்தபோது என் மனம் வாடிற்று என்பதை மறைக்கமாட்டேன். தமிழைச் சிறப்பாகப் பயிலும் மாணவனுக்கு அஃது ஓர் இழப்புப் போலவே தோன்றும். பின்னர்த் தறியின்முன் நின்று பார்க்கையில் அவ்வாட்டம் நீங்கிற்று. காஞ்சிப் பட்டின் இழை காஞ்சியில் விளைவதன்று. பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருவது. ஜரிகை சூரத்து நகரிலிருந்து வருவது. ஆயினும், பாவு ஓட்டி, ஊடை செலுத்தி, உடலையும் கரையையும் கோர்வையால் இணைத்து நெசவாளர் முடித்தபின், அச்சேலையைச் சூரத்துச் சேலை என்பார் யார்? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கோர்வை மட்டும் பிரியாது.

தமிழ் ஆயிரத்தை நெய்துகொண்ட திறமும் இத்தகையதே. மகரவீறு தந்து, மரம் மரத்து என்பது போல ஆயிரம் ஆயிரத்து என்று சாரியை பெறச் செய்தது. ஓராயிரம், ஈராயிரம், ஐயாயிரம் என்று தன் அடிகளோடு புணர்த்தது. தொண்ணூறு என்பதில் நூறு நிற்பதுபோலத் தொள்ளாயிரம் என்பதில் ஆயிரத்தை நிறுத்தித் தன் பழைய எண்முறையின் உள்ளறையிலேயே இடமளித்தது. தொல்காப்பியனார் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி கூறுங்கால், பத்து நூறு என்பவற்றோடு ஆயிரத்திற்கும் விதி வகுத்தார். இலக்கண நூலே இடங்கொடுத்த விருந்தினரை அயலார் என்று தள்ளுதல் அறியாமை. அவர் வந்த வழியை மறைத்தல் பொய்மை. வந்த வழியையும் கூறி, வாழும் உரிமையையும் வழங்குதலே நேர்மை.

இறுதி நாட்கள்

1877-இல் கல்கத்தாவிலே கால்டுவெல் உதவி அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அக்காலத்து நேர்ந்த கொடும் பஞ்சத்தில் துன்புற்றோர்க்கு உதவும் பணியும் அவர்மேற் சுமந்தது. முதுமையிலும் ஆராய்ச்சி ஓயவில்லை. பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையில் மண்ணை அகழ்ந்து பண்டைச் சின்னங்களைத் தேடினார். 1881-இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1883-இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்து கல்விப்பணியைத் தொடர்ந்தார். 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணியினின்று ஓய்வு பெற்றுக் கோடைக்கானல் மலையில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் ஆண்டே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவரது உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுப்பிய திருக்கோயிலினுள்ளே அடக்கஞ் செய்யப்பட்டது. 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, கடற்கரையில் அவர்க்குச் சிலை நிறுவப்பெற்றது. இந்திய அரசினர் 2010-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டனர்.

முடிவுரை

நண்பர்காள்! கால்டுவெல் ஐயர் தமிழை நேசித்தார். அதனால் எட்டு நமதே என்று நிறுவினார். மெய்யையும் நேசித்தார், அதனால் ஆயிரம் கடனே என்று தயங்காது கூறினார். நாலைப் பற்றிய அவருடைய துணிபு பிழைபட்டது. ஆனால் அப்பிழையைத் திருத்துதற்கு உதவிய ஒப்பீட்டு நெறியை நம் நாட்டு மொழிகளில் முறைப்பட வகுத்து வைத்தவரும் அவரே. தம்மைத் திருத்தவல்ல கருவியைத் தம் பின்னோர் கையிற் கொடுத்துச் செல்லும் ஆசிரியரினும் சிறந்தவர் யார்? ஆசிரியரைப் போற்றுதல் என்பது அவர் கூற்றை ஒப்பித்தல் அன்று. அவர் காட்டிய நெறியில் அவரையும் கடந்து செல்லுதலே.

இனி ஆயிரக்கால் மண்டபத்தின் வழியே செல்லும் அன்பர், ஆயிரம் என்று சொல்லும்பொழுது, அச்சொல் நெடுந்தொலைவினின்று வந்து நம்மூரிலே நிலைபெற்றதை ஒரு கணம் நினைவாராக. அதனை நினைப்பித்த அப்பெரியாரின் அடக்கமும் உழைப்பும் மெய்ம்மை வேட்கையும் நம் கலாசாலை மாணவர் அனைவர்க்கும் வாய்க்கக் கர்த்தர் அருள்புரிவாராக.